ஏழு தலைமுறை வேகம்

தன் கொள்ளுத்தாத்தா பெயரே தெரியாத முதலாளி, பந்தயக் குதிரையின் ஏழு தலைமுறையையும் மனப்பாடம் செய்துதான் அதை வாங்கினார். மூன்றாவது பந்தயத்திலும் அது கிளம்பாமல் நட்ட கல்லாக நின்றது. மானம் கப்பலேற, விற்றவருக்குப் போன் போட்டார்.

"அப்பன், பாட்டன் எல்லாம் காத்தாப் பறந்துச்சுன்னீங்களே! இது அசையவே மாட்டேங்குதே?"

"பரம்பரைப் பிடிவாதம் சார். அதோட சிநேகிதன் எல்லைக்கோட்டுல நின்னு கூப்பிட்டாத்தான் ஓடும். அதுக்குத்தானே கூடவே ஓர் ஆட்டையும் ஏத்தி அனுப்பினேன்?"

முதலாளி மெல்லப் போனை வைத்தார். குதிரை வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே வைத்த விருந்தில், அந்த ஆட்டின் கடைசி எலும்பைக் கடித்தது அவர்தான்.

அடுத்த பந்தயத்தில் குதிரை முதலாவதாக வந்தது.

"வெற்றிக்கு என்ன சார் காரணம்?" என்று நிருபர் கேட்டார்.

"எல்லாம் ரத்தத்துல ஊறினது!" என்றார் முதலாளி, எல்லைக்கோட்டில் நின்று 'மே... மே...' என்று கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில்.