புதன்கிழமை வைத்தியம்

"அவளை நடக்க விடாதீங்கடா! மெத்தையோட தூக்குங்க!"

ஹாஜியா போட்ட சத்தத்தில் லாரி டிரைவர் வெற்றிலைபோல் மென்றுகொண்டிருந்த கோலாக்கொட்டையைத் துப்பிவிட்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். கணவனின் அண்ணன்மார்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, அசாபேயை மெத்தையோடு தூக்கி, பீரோவுக்கும் கம்பு மூட்டைக்கும் நடுவில் கிடத்தினார்கள். முற்றத்துப் பெண்கள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கானோ நகரத்தின் பழைய மதிலுக்குள் இருக்கும் பெரிய வளாகம் அது. அண்ணன் தம்பி எல்லோருடைய குடும்பமும் அந்த ஒரே முற்றத்தைச் சுற்றித்தான் இருந்தது. அத்தனை பேருக்கும் தலைவி ஹாஜியா. அவளுடைய கடைசி மகன் தன்லாமியின் மனைவி அசாபே.

போன வருஷம் அசாபேயின் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு ஏற்றிய மருந்தில் முடியெல்லாம் கொட்டியது. அதற்கப்புறமும் புதன்கிழமை தவறாமல் தன்லாமி அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விடுவான். மாலையில் களைத்துப்போய்த் திரும்புவாள்.

"இந்த அலைச்சல் அவ உடம்புக்கு ஆகாதும்மா. ஆஸ்பத்திரிப் பக்கமா ஒரு வீடு பார்த்துட்டேன்" என்று அவன் சொன்னபோது, எந்த மகனையும் வளாகத்தை விட்டு அனுப்பாத ஹாஜியா மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

அசாபே காதல் நாவல்கள் எழுதுகிறவள். முன்பெல்லாம் ஒரு நாவலுக்கு வருஷக்கணக்காகும். "பொய் எழுதுற கைக்கு உலக்கை பிடிக்க மட்டும் வலிக்குதோ?" என்று ஹாஜியா குத்திக்காட்டுவாள். படுக்கையில் விழுந்த பிறகு மளமளவென்று இரண்டு நாவல்கள் வந்துவிட்டன. நோயாளியை யாரும் உரலுக்குக் கூப்பிடுவதில்லை.

ஹாஜியா லாரியின் ஓரத்தைப் பிடித்து எக்கி, மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளுங்க அத்தை."

"இப்ப எழுதிட்டிருக்கியே ஒரு கதை, பெரிய மருமக படிச்சுக் காட்டினா. அதுல வர்ற பொண்ணு யாரைக் கட்டிக்கிறா? வாத்தியாரையா, துணி தேய்க்கிற பையனையா? இல்ல, மனுஷ உசுரு பாரு, எப்ப என்ன ஆகும்னு…"

"இன்னும் முடிவு பண்ணல அத்தை."

"சட்டுனு பண்ணிடும்மா. தேய்க்கிற பையனுக்கே குடு. பாவம், தங்கமானவன்."

சொல்லிவிட்டுத் தன் தோளில் இருந்த சால்வையை உருவி அசாபேக்குப் போர்த்தினாள். மக்காவிலிருந்து கொண்டுவந்த சால்வை. பெற்ற மகள்கள் கேட்டும் கொடுக்காதது. மூக்கைச் சிந்திக்கொண்டே ஹாஜியா சமையல்கட்டுப் பக்கம் போனாள்.

லாரியின் முன்பக்கம் டிரைவர் தன்லாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "முதலாளி, ஆஸ்பத்திரி கிழக்கால இருக்கு. நீங்க சொல்ற தெரு மேற்கால இல்ல வருது?"

"நீங்க கயித்தை நல்லா இறுக்குங்க" என்றான் தன்லாமி.

அவன் லாரியின் பின்பக்கம் ஏறி வந்ததும் அசாபே அவன் அங்கியைப் பற்றிக்கொண்டாள். "சாமானையெல்லாம் இறக்கச் சொல்லுங்க. நாம போக வேண்டாம்."

"ஏன், வலிக்குதா?"

"வலி எதுவும் இல்ல. அதான் விஷயமே." அவள் சால்வையை விலக்கினாள். "பெரிய வைத்தியமெல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. மழைக்காலத்துலயே டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே தினம் ஒரு மாத்திரை, அப்பப்போ ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். வெளிய சொன்னா மறுநாளே உலக்கையைக் கையில குடுத்துடுவாங்கன்னு மறைச்சேன். புதன்கிழமையெல்லாம் ஆஸ்பத்திரிக் கூடத்துல உக்காந்து நாவல் எழுதிட்டு வந்தேன்."

அவன் முற்றத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தான்.

"என் பொய்க்காக நீங்க வீட்டையே மாத்துறீங்க. அத்தை வேற சால்வையைப் போத்திட்டுப் போறாங்க. என்னால தாங்க முடியல. நானே இறங்கிப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவள் எழுந்திருக்கப் போனாள். தன்லாமி அவள் தோளைப் பிடித்து மெத்தையில் அழுத்தினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பீதிதான் இருந்தது.

"மெதுவாப் பேசு! எனக்கு எப்பவோ தெரியும். நீ ஒரு நாள் சாப்பாட்டை மறந்துட்டுப் போனேன்னு எடுத்துட்டு உள்ள வந்தேன். நீ தலையைக்கூட நிமிர்த்தாம எழுதிட்டிருந்தே. நர்ஸம்மாதான் எல்லாம் சொல்லி, எனக்குக் கைகுடுத்து வாழ்த்தினாங்க."

"தெரிஞ்சுமா வீடு பார்த்தீங்க?"

"பின்னே? கல்யாணம் ஆன நாள்லேருந்து தனிக்குடித்தனம் போக ஒரு காரணம் தேடிட்டிருக்கேன். அண்ணனுங்க ஒவ்வொருத்தரா கேட்டு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம். இப்பத்தான் அம்மா வாயால சரின்னு வந்திருக்கு. நீ கெடுத்துடாதே!"

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வழிச் சாப்பாட்டுக்கான தூக்குச்சட்டியோடு ஹாஜியா வந்துகொண்டிருந்தாள்.

தன்லாமி சட்டென்று சால்வையை மனைவியின் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"அம்மா வர்றாங்க… கொஞ்சம் முனகு!"