ஒரு வண்டி மட்டும்

“இந்த வண்டி வெளிய போகாது.”

மெக்கானிக் இப்படிச் சொன்னதும் டிப்போவே கப்சிப் ஆனது.

ஏனென்றால் அது அவனுடைய சொந்த அக்கா புருஷன் ஓட்டும் டெலிவரி வேன்.

அந்த அக்கா புருஷனுக்கு டிப்போவில் ‘கண்ணாடி’ என்றுதான் பேர். வண்டியின் பக்கக் கண்ணாடிகளை எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு வாரமாக நடந்த டிரைவர் பயிற்சியில் அவர்தான் முதல். மழையில் எவ்வளவு இடைவெளி விடணும், பார்சலை எப்படி அடுக்கினால் வளைவில் வண்டி ஆடாது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இன்றைக்கு வண்டி சோதனை. இதிலும் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். விடிந்ததும் விடியாததுமாக வந்து வண்டியைக் கழுவி, விளக்கு, ஹார்ன், முதலுதவிப் பெட்டி எல்லாம் சரிபார்த்து, புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்த இரண்டு அதிகாரிகள் மானேஜர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மச்சான் கோளாறு?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார் கண்ணாடி.

“பிரேக் பைப் தேஞ்சிருக்கு. ஆயில் கசியுது.”

“நேத்துகூட ஓட்டினேனே! கச்சிதமாப் பிடிச்சுதே!”

“பிடிக்கிற வரைக்கும் பிடிக்கும் மாமா.”

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான்.

மற்ற எல்லா வண்டிக்கும் பச்சை.

“பொண்ணைக் குடுத்த வீட்டுல வண்டியைக் குடுக்க மாட்டேங்கறாங்களே!” என்று யாரோ பின்னாலிருந்து எடுத்து விட, கொல்லென்று சிரிப்பு.

மானேஜருக்கு வாயெல்லாம் பல். மெக்கானிக்கின் தோளில் தட்டினார். “பாருங்க சார், சொந்த அக்கா புருஷன்னுகூடப் பார்க்கல. எங்க டிப்போல சோதனைன்னா சோதனைதான்!”

அதிகாரிகள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

புது பைப் வரும்வரை கண்ணாடிக்கு ஷெட்டுக்குள் பார்சல் பிரிக்கும் வேலை. நிரந்தரம் போயே போச்சு. அவருடைய மலைச்சரிவு ரூட்டைப் பாட்டுக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிற மனிதர். பயிற்சி வகுப்பில் கண்ணாடியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

கண்ணாடி மனைவிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தார்.

“யாரு, என் தம்பியா?” என்றாள் அவள். “கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்க சேர்த்துவிட்டதே நீங்கதானே! ஸ்பீக்கரைப் போடுங்க. அவன் காதுலயே விழட்டும்.”

போட்டார். ஒர்க்‌ஷாப்பில், எல்லோரும் இருக்கும்போது.

“டேய், இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது. என் வாசப்படியை மிதிச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

மெக்கானிக் அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகும் கண்ணாடிக்கு ஆறவில்லை. மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

“ஏன்டா, என் மேல உனக்கு என்னடா பகை? கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டிருந்தா குறைஞ்சா போயிருப்பே? மத்த வண்டியெல்லாம் யோக்கியம், என் வண்டி மட்டும்தான் ஓட்டையா?”

மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எல்லா வண்டியும் ஓட்டைதான் மாமா.”

“என்னது?”

“எல்லாம் ஒண்ணா வாங்கின வண்டிங்க. எல்லாத்துலயும் பைப் தேஞ்சு போச்சு. நேத்தே மானேஜர்கிட்ட சொன்னேன். அத்தனையையும் நிறுத்தினா டிப்போவை இழுத்து மூட வேண்டியதுதான், பேசாம எல்லாத்துக்கும் பச்சை ஒட்டுன்னார். எல்லாமே பச்சைன்னா அதிகாரிங்க நம்ப மாட்டாங்க சார்னேன். யோசிச்சுட்டு, சரி, ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு ஒட்டிக்கோன்னார்.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“எந்த வண்டியை நிறுத்தறதுன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல மாமா. அக்கா முகம்தான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.”

கண்ணாடி பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கை கிரீஸ் பிசுக்காக, ஜில்லென்று இருந்தது.

சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப... மத்தவங்க?”

மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

“வெளிய சொன்னா?”

“என் வேலை போகும். உங்களுதும் போகும். வேற ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து உங்க வண்டிக்கும் பச்சை ஒட்டுவாங்க.”

வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. கூரை முட்ட பார்சல் ஏற்றிய வேன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. பாட்டுக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“கண்ணாடி அண்ணே, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. உங்க வண்டி ரெடியாகட்டும், உங்க ரூட்டை நானே திருப்பித் தந்துடறேன். நிரந்தரம்னு வீட்டுல சொன்னேன். போன்லயே என் பொண்ணு குதிக்கிற சத்தம் கேக்குதுண்ணே!”

கண்ணாடி எழுந்தார். வேனின் ஜன்னல்வரை போனார். வாயைத் திறந்தார்.

முதுகுக்குப் பின்னால் மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“பார்த்து, மெதுவாப் போங்க” என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.