பெல்லுக்கு எவ்வளவு?

“அவரு இன்னைக்கு லீவு. உள்ளதான் இருக்காரு” என்று மனைவி வாசலில் கிசுகிசுத்தது, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் காதில் விழுந்துவிட்டது. பேப்பருக்குப் பின்னால் அவர் முகம் மாறியது.

உள்ளே வந்தவன் எலக்ட்ரீஷியன். இளவயது, மடிப்புக் கலையாத சட்டை.

“காலிங் பெல் அடிக்கலைங்க, அதான் வரச் சொன்னேன்” என்றாள் மனைவி, யாரும் கேட்காமலேயே.

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே பார்த்திருப்பேனே!”

அந்த வீட்டில் எது பழுதானாலும் கணவர்தான் பார்ப்பார். இந்த மாதம் மட்டும் ஃபேன், அயர்ன் பாக்ஸ், சமையலறை லைட். கைராசிக்காரர் என்று ஊர் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் கண்ணுக்கு அவன் புதுமுகம். ஆனால் வந்தவனோ காலண்டரை ஒதுக்கி, அதன் பின்னாலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தான். கதவுக்குப் பின்னாலிருந்த ஸ்டூலைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஐந்தே நிமிடம். மெயினைப் போட்டான், பெல் அடித்தது. கூடவே சுழன்ற ஃபேனை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். தன் கைவேலையைத்தான் மெச்சுகிறான் என்று அந்தக் கோபத்திலும் கணவருக்கு ஒரு சின்னப் பெருமை.

“எவ்வளவு?”

“நான் குடுத்துக்கறேன், நீங்க பேப்பர் படிங்க” என்று மனைவி குறுக்கே வந்தாள்.

“நான் அவனைக் கேட்டேன்.”

எலக்ட்ரீஷியன் அவளை ஒரு பார்வை பார்த்தான். “ஆயிரத்து இருநூறு, சார்.”

கால் கிலோ தக்காளிக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள், “குடுத்து அனுப்பிடுங்களேன்” என்றாள் தரையைப் பார்த்தபடி. கணவருக்குப் பதினெட்டு வருடக் குடித்தனம் கண்முன் ஆடியது.

“ஒரு பெல்லுக்கு ஆயிரத்து இருநூறா? பகல் கொள்ளையா இருக்கே! ஸ்டூல் இருக்கற இடம் உனக்கு எப்படித் தெரியும்? நான் இல்லாதப்போ இங்க என்னதான் நடக்குது? உண்மையைச் சொல்லு. இல்லைன்னா, தெரு பூரா சொல்லி உனக்கு வேலையே கிடைக்காம பண்ணிடுவேன்!”

அவன் மிரண்டுபோய்த் திரும்பினான். “சொல்லிடட்டுமாக்கா?”

“சொல்லிடுப்பா. நானும் எத்தனை நாள்தான் மறைக்கறது?”

“பெல்லுக்கு நூறுதான் சார். மீதி, நீங்க சரி பண்ணதையெல்லாம் நான் மறுபடி சரி பண்ணதுக்கு!”