கோமளவல்லியின் எட்டு

ஐப்பசி மழைக்கு முன்னால், புல்வெளியைப் பராமரிக்கும் இயந்திரம் தணிகாசலத்திடம் வந்து நின்றது.

"ஐயா, அம்மா எட்டு போட்டு நடந்த தடம் மொட்டையா கிடக்கு. அறுபது நாளா யாரும் மிதிக்கல. புல் பதிச்சு மூடிடவா?"

கோமளவல்லி இறந்து அறுபது நாள்தான் ஆகியிருந்தது.

"மூடாத. இனி நான் நடக்கிறேன்."

"தினம் நடந்தீங்கன்னா விட்டுடறேன்."

மனைவி எத்தனையோ முறை கூப்பிட்டும் நாற்காலியை விட்டு எழுந்திராத மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தில் இறங்கினார். நாலடி வைத்திருப்பார்.

"ஐயா, அம்மா முதல்ல இடப்பக்கம்தான் திரும்புவாங்க."

இருபது வருஷம் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றார்.

"வேகமா நடப்பாளா, மெதுவாவா?" என்று கேட்டார்.