நாலு மணிக்கு ஒரு புது நம்பர்

"ரெண்டு வருஷ பிளான் எடுத்தீங்கன்னா போன் பாதி விலைக்கு வரும் மேடம். ஆனா அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் போட முடியும்."

"வேண்டாம்மா. எந்த சிம் போட்டாலும் வேலை செய்யற போனா குடு. பிளானும் மாசா மாசம் போட்டுக்கற மாதிரி இருக்கணும். ரெண்டு வருஷமெல்லாம் தாங்காது."

விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நரைத்த தலையை அழகாக வாரியிருந்தாள். கையில் ஏற்கெனவே ஒரு நல்ல போன் இருந்தது.

வெளியே தூறல். கடைக் கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்குப் பின்னால் தெருவே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சுவரில் வரிசையாக நின்ற போன்கள் எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல் சத்தமில்லாமல் அலையடித்தது. வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஆளில்லாத நேரத்தில் விற்பனைப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்த போனே நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"இதுல கூப்பிட்டா அவர் எடுக்க மாட்டார். என் படம் வருது. பார்த்ததும் கட் பண்ணிடறார்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லை. என் மேல உயிரையே வச்சிருக்கார்." அம்மாளின் முகம் லேசாகச் சிவந்தது. "இத்தனை நாளா மாடி வீட்டுக்காரி போன்லதான் பேசிட்டிருந்தேன். தினம் நாலு மணிக்கு. அவ மூணு நாள் முன்னாடி வீடு மாத்திட்டுப் போயிட்டா. அதுலேருந்து என் குரல் கேக்காம அவர் சரியாவே சாப்பிடலை. நேத்துலேருந்து வெறும் தண்ணிதான். இன்னைக்கும் பேசலைன்னா ஆள் படுத்துடுவார்."

விற்பனைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால். இந்த வயதில் இப்படி ஒரு கூத்தா என்றது ஒரு மனது. நமக்கு இப்படி ஒருத்தன் வாய்க்கவில்லையே என்று ஏங்கியது இன்னொரு மனது.

"வீட்ல சார் இருக்காரா மேடம்?"

"இருக்கார்."

"அவருக்கு இந்த விஷயம்..."

"தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு தாங்காது." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குள்ள பேசினா காதுல விழுந்துடும். மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுதான் பேசணும். அங்க எந்தக் கம்பெனி டவர் கிடைக்கும்னு தெரியலை. ஒண்ணு எடுக்கலைன்னா வேற சிம் மாத்திப் பார்க்கணும். அதான் லாக் இல்லாத போன் கேட்டேன்."

பெரிய ஆள்தான் என்று விற்பனைப் பெண் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் கை சுறுசுறுப்பானது. சின்னதாக, எழுத்து பெரிதாகத் தெரிகிற ஒரு போனை எடுத்து சிம்மைப் போட்டாள்.

"இருபத்தெட்டு நாள் பிளான். எவ்வளவு வேணா பேசலாம். வேண்டாம்னா ரீசார்ஜ் பண்ணாம விட்டுடுங்க, தானா நின்னுடும். டவர் வர பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷமா?" அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"தினமும் பேசறதுக்கு அப்படி என்னதான் இருக்கும் மேடம்?"

"வீடு கட்டுவோம்."

"வீடா?"

"பேச்சுலதான். போன வாரம் ஆத்தங்கரையில ஒண்ணு கட்டினோம். ரெண்டு ஜன்னல் போதுமா, மூணு வைக்கலாமான்னு கேப்பார். முடிவாகறதுக்குள்ள அரை மணி ஓடிடும்." அம்மாள் நீலக் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாம் கொஞ்ச நாள்தான். அப்புறம் என்னை மறந்துடுவார். இந்த மாசமோ, அடுத்த மாசமோ."

விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மறந்துட்டுப் போற ஆளுக்காகவா இவ்வளவு பாடு?"

"மறக்கற வரைக்கும் எனக்கு லாபம்தானே?" என்று அம்மாள் சிரித்தாள்.

நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது டவர் வந்தது. அம்மாள் நம்பரை மனப்பாடமாக அழுத்தினாள். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரிலும் பட்டுவிட்டது.

"ஹலோ, நான்தான்."

விற்பனைப் பெண் சட்டென்று திரும்பினாள். அம்மாளின் வாயிலிருந்து வந்தது இருபது வயதுக் குரல்.

"வந்துட்டியா! மூணு நாளா எங்க போயிட்ட நீ?" முதியவர் ஒருவரின் குரல் தழுதழுத்தது.

"வெளிய வர முடியலை. ஏன் சாப்பிடாம இருக்கீங்க?"

"நீ சொல்லிட்டேல்ல, இப்பவே சாப்பிடறேன். இங்க ஒரு வயசான அம்மா என்னைப் பார்த்துக்கறாங்க. தட்டை வச்சுக்கிட்டுப் பின்னாலேயே வராங்க, எனக்குத்தான் இறங்கலை. இப்பக்கூட பக்கத்து வீட்டுக்காரரை எனக்குத் துணைக்கு உக்கார வச்சுட்டு, போன் வாங்கணும்னு கடைக்குப் போயிருக்காங்க."

பில் போட்டுக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணின் கை அப்படியே நின்றது. அம்மாள் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி இருந்தாள்.

"கேக்குதா? பாவம், அவங்களுக்குன்னு யாரும் இல்லை போல. நம்ம கல்யாணத்துக்கு அவங்களையும் கூப்பிடணும்."