மூன்று நிமிட உரை

இருபத்து மூன்று நாள்கள் காத்திருந்த பிறகு எங்கள் எம்.பி. மேடத்துக்கு நாடாளுமன்றத்தில் மூன்று நிமிடம் கிடைத்தது. எங்கள் தொகுதியின் மலை மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வந்து ஒரு வருடமாகியும் அதை இயக்க ஆள் போடவில்லை. சிறுநீரகம் பழுதான பவுனுத்தாய் வாரம் மூன்று முறை எழுபது கிலோமீட்டர் பேருந்தில் போய் வருகிறார் என்றுதான் உரை தொடங்கியது. மேடத்தின் உதவியாளராக அந்த உரையை எழுதியவள் நான். உரைக்கு அனுமதி வாங்கிய பிறகு அதில் ஒரு விவரம் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று பவுனுத்தாயின் கணவர் செல்லையாவிடம் சொல்லியிருந்தேன். அவர் தினமும் அழைப்பார்.

"எப்படி இருக்காங்க?" என்பேன்.

"அப்படியேதாம்மா இருக்கா. தேதி வந்துருச்சா?" என்பார்.

மேடம் பேசும்போது அவையில் பதினொரு பேர் இருந்தார்கள். கடைசி வரிக்கு முன்பே ஒலிவாங்கி அணைந்துவிட்டது. அமைச்சர் தலையைத் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் மேடம், "செல்லையாவுக்குப் போன் போடும்மா. அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிவில பாத்தோம்மா. நல்லாப் பேசுனீங்க" என்றார் செல்லையா. "இனிமே அதை யாரும் மாத்த முடியாதுல்ல?"

"முடியாதுய்யா" என்றார் மேடம். "அவைக் குறிப்புல பதிவாயிடுச்சு. அவங்ககிட்ட குடுங்க."



"இங்கேருந்து இன்னும் ஒம்பது பேரு அதே பஸ்லதான் போறாங்கம்மா. அதான் சொல்லல. பவுனு செத்து பன்னெண்டு நாளாச்சு."