பவளக் கற்கள்

"திங்கட்கிழமை அந்த மேசையில படுத்தா நான் எந்திரிக்கவே மாட்டேன் லான்."

இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததிலிருந்து பூன் ஹோக் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சிகிச்சை செய்யாவிட்டால் இந்த மாதத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் அவர் மனைவி சியூ லானிடம் தனியே சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை அவருடைய சிவப்பு அரோவானா மீன் தொட்டியில் செத்து மிதந்தது. பிள்ளைபோல் வளர்த்த மீன். அவர் அழவில்லை, சிரித்தார்.

"பாத்தியா! வளத்தவனுக்கு வர்ற சாவை மீன் வாங்கிக்கும்னு பினாங்கு முழுக்கச் சொல்லுவாங்களே. என்னோடதை இது வாங்கிட்டுப் போயிடுச்சு!"

"அப்புறம் என்னங்க பயம்?" என்று சியூ லானும் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

ஒரு தட்டு நூடுல்ஸை வழித்துத் தின்றுவிட்டு அவர் போனை எடுத்தார்.

"டாக்டர், திங்கட்கிழமை நான் வரலை. சாவே போயிடுச்சு, இனிமே எதுக்கு நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு?"

"ஐயோ, என்னங்க இது!"

"நீ சும்மா இரு. மீனைவிட டாக்டருக்கா தெரியும்?"

சியூ லான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணலுக்கடியில் புதைத்த கடல் பவளக் கற்கள் கண்ணாடி ஓரமாக வெள்ளையாகத் தெரிந்தன.

"அரோவானா தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க அக்கா. பழைய தண்ணியோட புளிப்பை இந்தக் கல்லு முறிச்சிடும். அப்புறம் மீனோட கழிவே அதுக்கு விஷமாயிடும்" என்று கடைக்காரன் சொன்ன பிறகுதான் அவள் அவற்றை வாங்கினாள்.

அவருக்குத் தைரியம் வரவேண்டும் என்றுதான் வாங்கினாள்.

வந்துவிட்டது.